செல்போன் கண் விழிக்கவில்லையா?

பெயர் கொடுத்தது பர்மா தேசம். அடி வாங்கியது சென்னைப் பட்டணம். இன்று மியான்மார் என்று வழங்கும் அந்த நாடு கொடுத்த 'மிக்ஜாம்' என்ற பெயரைத் தாங்கி வந்த புயல், 2023-ஆம் வருஷம் டிசம்பர் 5-ந் தேதி ஆந்திராவில் பாபட்லா அருகே கரை ஏறியது. அதற்கு முன் 3, 4 தேதிகளில் நம் கடற்கரை ஓரமாக நகர்ந்து போனபோது அது கொட்டிய மழையை வட சென்னைக்காரர்கள் இலேசில் மறக்க மாட்டார்கள். திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் பக்கங்களில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. மணலித் தொழிற்சாலைகள் பக்கமிருந்து கசிந்த எண்ணெய் அதனோடு கலந்து, எண்ணூர்க் கழிமுகம் வரை கறுப்பாய்ப் படிந்தது. மின்சாரம் போயிற்று. சில தெருக்களுக்கு அது திரும்பி வரச் சில நாட்கள் ஆயின.

மெத்தை நனைந்தது, மிக்ஸி நனைந்தது, மளிகைச் சாமான் நனைந்தது. ஆனால் அந்த நேரத்தில் வீட்டுப் பெண்கள் முதலில் தேடியது அவற்றையா? இல்லை, செல்போனை. அம்மா வீட்டுக்கு 'உயிரோடு இருக்கிறோம்' என்று சொல்லியாக வேண்டும். படகு எங்கே வருகிறது, பால் எங்கே கிடைக்கிறது என்று கேட்க வேண்டும். தேடி எடுத்துப் பொத்தானை அழுத்தினால் கண்ணாடி கறுப்பாகவே இருக்கிறது. இன்னும் அழுத்தினாலும் அப்படியேதான் இருக்கிறது.

இந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கண்டு பதறுவதற்குப் புயல் வர வேண்டும் என்பதில்லை. ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமைக் காலையிலும் செல்போன் கண் விழிக்க மறுப்பதுண்டு. பாங்கி, காஸ் சிலிண்டர், குழந்தையின் பள்ளிக்கூடச் சேதி, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்ட பிறகு, அது விழிக்காவிட்டால் வீடே கொஞ்ச நேரம் ஸ்தம்பித்துப் போகிறது.

பழுது பார்க்கும் கடைக்காரர்களிடம் பேசிப் பார்த்தால் ஒரு சமாசாரம் தெரிகிறது. விழிக்காத போனெல்லாம் செத்த போன் அல்ல. பல சமயம் அதைக் கொல்வது, விழிக்கவில்லையே என்ற பதற்றத்தில் முதல் ஒரு மணி நேரத்துக்குள் நாம் செய்கிற வைத்தியந்தான்!

ஆகவே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. போன் நனைந்ததா, நனையவில்லையா? நனைந்திருந்தால் சார்ஜரைத் தொடக்கூடாது. அந்தக் கதையைப் பின்னால் விவரமாகச் சொல்கிறேன். நனையாத போனை முதலில் பார்த்துவிடுவோம், அது சுலபமானது.

பட்டினி கிடந்த பாட்டரி

இரண்டு மூன்று நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்த போனை ஒயரில் மாட்டினால் உடனே வெளிச்சம் வராது. 'போச்சு' என்று ஒயரைப் பிடுங்கிவிடுகிறோம். அங்கேதான் தவறு.

செல்போனுக்குள் இருப்பது லித்தியம் அயான் பாட்டரி. இதை உருவாக்கியதற்காக 2019-ல் மூன்று விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். அவர்களில் ஒருவரான குடினஃப் என்பவருக்கு அப்போது வயது 97. (இவ்வளவு காலம் கழித்தா கொடுப்பது என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?) இந்தப் பாட்டரி நிறைந்திருக்கும்போது 4 வோல்ட்டுக்குச் சற்று மேலே நிற்கும். 3 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே இறங்கினால் அதற்குக் கெடுதல். அதனால் உள்ளேயே ஒரு காவற்காரச் சுற்று இருந்து, அந்த எல்லை வந்ததும் வாசலை அடைத்துவிடுகிறது. மறுபடி சார்ஜ் போடும்போதும் ஒரேயடியாக மின்சாரத்தை உள்ளே விடுவதில்லை. துளித் துளியாகத்தான் விடுகிறது. மூன்று நாள் பட்டினி கிடந்தவருக்கு எடுத்த எடுப்பில் சாம்பார் சாதம் போடுவோமா? கஞ்சித் தண்ணீர்தானே கொடுப்போம்? அதே கதைதான்.

எனவே சுவரில் உள்ள ப்ளக்கில் மாட்டி, அரை மணி நேரம் தொடாமல் இருங்கள். திரையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்தச் சார்ஜரும் ஒயரும் நல்லவைதானா என்று இன்னொரு போனில் மாட்டிச் சோதித்துவிடுவது நல்லது. போனைவிட ஒயர்தான் சீக்கிரம் உயிரை விடும். அதுவும் தலையணைக்கடியில் மடிந்து மடிந்து கிடக்கும் ஒயரின் ஆயுளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அரை மணி கழித்தும் விழிக்கவில்லையென்றால், பாட்டரியில் சக்தி இருந்தும் மூளை மயங்கிக் கிடக்கலாம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பொத்தானையும், சத்தத்தைக் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து 10 முதல் 20 விநாடி வரை விடாமல் அழுத்திப் பிடித்தால் எழுந்துகொள்ளும். ஐபோன் 8-க்குப் பின் வந்த ஐபோன்களுக்கு வேறு முறை. சத்தத்தைக் கூட்டும் பொத்தானை ஒரு தட்டு, குறைக்கும் பொத்தானை ஒரு தட்டு, பிறகு பக்கவாட்டுப் பொத்தானை ஆப்பிள் சின்னம் வரும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டில் இப்படி அழுத்தும்போது சில சமயம் கறுப்புத் திரையில் ஆங்கில வரிகள் வரிசையாக நிற்கும். பயப்பட வேண்டாம். ஆனால் அதில் 'வைப் டேட்டா', 'ஃபாக்டரி ரீசெட்' என்று இருப்பவற்றை மட்டும் தொட்டுவிடாதீர்கள். தொட்டால் போன் விழித்துக்கொள்ளும். உள்ளே இருந்த படங்களெல்லாம் போய்விடும்.

இன்னொரு சோதனை இதைவிட எளிது. பக்கத்து வீட்டுப் போனிலிருந்து உங்கள் எண்ணைக் கூப்பிட்டுப் பாருங்கள். மணி போகிறதா? அப்படியானால் போன் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. திரை மட்டும் கெட்டிருக்கிறது. 'ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது' என்று குரல் வந்தால்தான் நிஜமான தூக்கம்.

சாம்பலும் உப்புக் காற்றும்

ராயபுரத்திலும் காசிமேட்டிலும் ஜன்னல் கம்பி என்ன பாடு படுகிறதென்று அங்கே குடியிருப்பவர்களைக் கேளுங்கள். வருஷா வருஷம் பெயின்ட் அடித்தாலும் துரு ஏறிவிடும். கடற்காற்று ஜன்னல் கம்பி என்றும் செல்போன் என்றும் பார்ப்பதில்லை. சார்ஜ் போடும் துவாரத்துக்குள் மிக மெல்லிய செம்புக் கால்கள் இருக்கின்றன. உப்பு ஈரம் அவற்றின்மேல் படிந்து பச்சை பிடிக்கிறது. எண்ணூர்ப் பக்கத்தில் அனல் மின் நிலையத்துச் சாம்பல் வேறு. எக்ஸ்பிரஸ் ரோடில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி வேறு. போனை இடுப்பில் செருகுகிறவர்களுக்குப் புடவை நூல் வேறு. எல்லாம் சேர்ந்து அந்தத் துவாரத்தின் அடியில் கெட்டியாக அடைத்துக்கொள்கிறது. ஒயர் உள்ளே போனது போலத் தோன்றும். ஆனால் கால் படாது. சார்ஜ் ஏறாது.

இதற்கு வீட்டிலேயே வைத்தியம் உண்டு. போனை அணைத்த நிலையில், நல்ல வெளிச்சத்தில், மரப் பல்குச்சியின் நுனியால் மெல்லச் சுரண்டி எடுக்கலாம். தாலிச் சரட்டில் மாட்டியிருக்கும் ஊக்கு கைக்கு அருகில் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள்! ஊக்கு இரும்பு. மின்சாரக் கால்கள் இரண்டை அது சேர்த்துவிட்டால் பத்து ரூபாய் வேலை பல நூறு ரூபாய் வேலையாகிவிடும்.

அக்கினி நட்சத்திர வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் கிடந்த போனும் விழிக்க மறுக்கும். அது வியாதி அல்ல, தற்காப்பு. நிழலில் ஆற விட்டால் போதும். சீக்கிரம் ஆறட்டும் என்று ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால் உள்ளே வியர்த்து, நனையாத போனை நாமே நனைத்ததாகிவிடும்.

அரிசிப் பானையில் அஸ்தமனம்

இனி நனைந்த போன். முழுகியது கிணற்றடியோ, கழுவுத் தொட்டியோ, மழை வெள்ளமோ, எதுவானாலும் முதல் காரியம் ஒன்றுதான். உயிரோடிருந்தால் அணைத்துவிட வேண்டும், அணைந்திருந்தால் எழுப்பக்கூடாது.

பழைய நோக்கியா நாட்களில் இது சுலபம். நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே 2006 முதல் 2014 நவம்பர் வரை அந்தக் கம்பெனியின் ஆலை நடந்தது. அந்தக் காலத்துப் போன்களில் முதுகு மூடியைக் கழற்றிப் பாட்டரியை வெளியே எடுத்துவிடலாம். இன்று பெரும்பாலான போன்களில் பாட்டரியை உள்ளே பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். அணைத்து வைப்பதைத் தவிர நம் கையில் வேறு ஆயுதம் இல்லை.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? வெறும் தண்ணீர் மட்டும் போனைக் கெடுப்பதில்லை. தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்துதான் கெடுக்கின்றன. தண்ணீரில் கரைந்த உப்பு மின்சாரத்துக்கு வழி விடுகிறது. போகக் கூடாத பாதையில் மின்சாரம் போகும்போது செம்புக் கம்பிகள் கரைந்து பச்சையாய்ப் பூக்கின்றன. சார்ஜரில் மாட்டினோமானால் இந்த நாசம் பல மடங்கு வேகம் பிடிக்கிறது. 'விழிக்கிறதா பார்ப்போம்' என்று மாட்டுகிற அந்த ஐந்து நிமிஷத்தில், பிழைக்க வேண்டிய போன் போய்ச் சேர்ந்துவிடும்.

அரிசிப் பானைக்குள் போனைப் புதைக்கும் வைத்தியம் ஊரெங்கும் இருக்கிறது. நம் ஊரில் மட்டுமல்ல, உலகம் முழுவதும். 2024 தொடக்கத்தில் ஆப்பிள் கம்பெனியே, 'தயவு செய்து அரிசியில் போடாதீர்கள். அரிசித் தூள் உள்ளே போய்க் கெடுக்கும்' என்று எழுதி வைத்தது. அரிசி போனிலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுப்பதைவிட, விசிறிக் காற்று சீக்கிரம் உலர்த்திவிடும். சார்ஜ் துவாரம் கீழ்நோக்கி இருக்கும்படி உள்ளங்கையில் மெல்லத் தட்டி, துடைத்து, சிம் தட்டை வெளியே எடுத்து, விசிறிக்கடியில் நிறுத்தி வைக்கலாம். ஹேர் டிரையர் வேண்டாம். மொட்டை மாடி வெயிலும் வேண்டாம். சூடு பாட்டரிக்கு ஆகாது.

ஆனால் உலர்ந்துவிட்டால் குணமாகிவிட்டது என்று நினைக்கக்கூடாது. உப்பளத்தில் என்ன நடக்கிறது? தண்ணீர் போய்விடுகிறது, உப்பு நின்றுவிடுகிறது. போனுக்குள்ளும் அதுவே. காசிமேட்டு மீன் மார்க்கெட்டில் ஐஸ் தண்ணீரில் விழுந்த போனும், எண்ணூரில் கழிமுகத் தண்ணீர் பட்ட போனும் இரண்டு நாள் உலர்த்தியபின் நன்றாக வேலை செய்து, பதினைந்தாம் நாள் திடீரென்று கண்ணை மூடிக்கொள்வதன் ரகசியம் இதுதான். உப்புத் தண்ணீர் பட்டதென்றால் அன்றைக்கே கடைக்குப் போய்த் திறந்து சுத்தம் செய்வது உத்தமம்.

'எங்கள் போன் தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது, ஐ.பி.68!' என்று பெருமைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சோதனையைச் சுத்தமான நல்ல தண்ணீரில்தான் செய்கிறார்கள். கடல் தண்ணீரில் அல்ல. அப்படிப்பட்ட போனில் உப்புத் தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் அலசித் துடைக்கச் சொல்லித் தயாரிப்பாளர்களே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பாதுகாப்பு இல்லாத போனை அலசிவிடாதீர்கள். ஒரு முறை கீழே விழுந்து கண்ணாடி விரிந்த போனுக்கும், மூடியைத் திறந்து பழுது பார்த்த போனுக்கும் பழைய பாதுகாப்பு இருக்கும் என்று நம்புவதற்கில்லை.

"போட்டோ மட்டும் குடுத்துடு, தம்பி!"

திருவொற்றியூர்த் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கடை. அகலம் நாலடி இருக்கும். மேஜைமேல் பூதக்கண்ணாடி, சூடு பிடிக்கும் துப்பாக்கி மாதிரி ஒரு சாதனம், பல் துலக்கும் பிரஷ், ஆல்கஹால் புட்டி. சாயங்கால வேளை. மீன் விற்று வந்த ஓர் அம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் போனை எடுத்து வைத்தார்.

"ஐஸ் டப்பாவுல வுயுந்துடுச்சு, தம்பி. நேத்து."

"சார்ஜ் போட்டீங்களாக்கா?"

"மூணு வாட்டி போட்டேன். ஒண்ணும் ஆவல."

இளைஞர் பெருமூச்சு விட்டதோடு சரி, திட்டவில்லை. அந்த அம்மாள் தொடர்ந்தார்: "போனு போனாப் போவுது. எங்கம்மா போட்டோ அதுலதான் கீது. போட்டோ மட்டும் எடுத்துக் குடுத்துடு, தம்பி." அம்மா போன வருஷம் காலமானவராம். வேறு படம் கிடையாதாம்.

முன்பெல்லாம் போன் செத்தாலும், உள்ளே இருக்கும் நினைவுச் சில்லைக் கழற்றிப் படங்களை எடுத்துவிடலாம் என்று சொல்வார்கள். இப்போதைய போன்களில் அது நடக்காது. படங்கள் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. சாவியோ அதே போனின் மூளைக்குள் இருக்கிறது. திருடனுக்கு எடுக்க முடியாது என்பது நல்லதுதான். ஆனால் சொந்தக்காரிக்கும் முடியாது. படம் வேண்டுமானால் அந்தப் போன் ஒரு முறையாவது உயிர் பெற்றாக வேண்டும். இதைக் கேட்டதும் எனக்கே கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது.

இளைஞர் முதுகைத் திறந்தார். பாட்டரியைப் பிரித்து, பலகையை ஆல்கஹாலில் நனைத்துப் பிரஷால் தேய்த்தார். பச்சை கரைந்து வந்தது. பிறகு பாட்டரிக்குப் பதிலாக மேஜைமேலிருந்த மின்சாரப் பெட்டியின் கம்பிகளைத் தொட வைத்து, எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரே எழுப்பிப் பார்க்காமல் இப்படி நாடி பார்ப்பவரே நல்ல வைத்தியர் என்று தெரிந்துகொள்ளலாம். எடுத்த எடுப்பில் 'ரீசெட் அடிச்சுடலாங்க்கா' என்பவரிடமிருந்து போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வெகு நேரத்துக்குப் பிறகு திரையில் வெளிச்சம் வந்தது. "பின் நம்பர் சொல்லுங்கக்கா" என்றார். அந்த அம்மாள் கடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்! காரியம் ஆனதும் அதை மாற்றிவிடும்படி இளைஞரே சொன்னது அவருடைய நாணயம். எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. பின் நம்பரை நாமே அடித்துக் கொடுத்துவிட்டு, பாங்கி விவகாரம் உள்ள போனைக் கண்ணெதிரிலேயே வைத்துக்கொள்வது நலம்.

அந்தப் போன் இருபது நிமிஷம்தான் உயிரோடிருந்தது. அதற்குள் படங்களை மகளுடைய போனுக்கு மாற்றிவிட்டார்கள். பிறகு அது தானாகவே அணைந்தது.

பூரி போல உப்பினால்

போனின் முதுகு மூடி தூக்கிக்கொண்டு, மேஜைமேல் வைத்தால் ஆடுகிறதா? பாட்டரி உள்ளே பூரி போல உப்பியிருக்கிறது. இதில் விளையாட்டு வேண்டாம். சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், குத்தாதீர்கள். எரியும் சாமான்களுக்குத் தூரமாகத் தரைமேல் வைத்து, கடைக்காரரைக் கொண்டு மாற்றிவிடுங்கள். கழற்றிய பாட்டரியைக் குப்பைத் தொட்டியில் எறியக்கூடாது. லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். கொடுங்கையூர்க் குப்பை மேட்டுப் புகையை அந்தப் பக்கத்து ஜனங்கள் ஏற்கெனவே வேண்டிய மட்டும் சுவாசித்தாயிற்று. மின்னணுக் கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிடலாம்.

வெள்ளம் புகுந்த வீட்டில் இன்னொரு அபாயமும் உண்டு. நனைந்த சுவிட்சுப் பலகையில், போன் சார்ஜ் போடும் அவசரத்தில் கை வைத்துவிடாதீர்கள். மெயினை அணைத்து, எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சொன்ன பிறகே ப்ளக்கைத் தொட வேண்டும்.

சிம்மும் ஒரு துண்டுக் காகிதமும்

போன் கடையில் படுத்திருக்கும்போது வீட்டு வேலை நிற்க வேண்டியதில்லை. சிம் கார்டு பெரும்பாலும் தண்ணீருக்கு அஞ்சாது. அதைத் துடைத்து உலர்த்தி வேறு ஒரு போனில் போட்டால், ஓ.டி.பி. எண் அதற்கு வந்துவிடும். சிம்மே போய்விட்டதென்றால் அடையாளச் சான்றோடு கம்பெனிக் கடைக்குப் போய் அதே எண்ணுக்கு வேறு சிம் வாங்கலாம். மோசடியைத் தடுப்பதற்காகப் புதுச் சிம்முக்கு முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராதபடி 2022-ல் ஏற்பாடு செய்தார்கள். ஆகவே பணம் கட்டக் கடைசி நாள் வரை காத்திருந்துவிட்டுச் சிம் மாற்றப் போகாதீர்கள்.

படங்களுக்கு முன்னேற்பாடு உண்டு. கூகிள் கணக்கு ஒவ்வொன்றுக்கும் 15 ஜி.பி. இடம் இலவசம். படங்கள் தாமாகவே அங்கே போய்ச் சேரும்படி ஒரு தடவை சொல்லி வைத்துவிட்டால் போதும். வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் செய்து தருவார்கள். நிஜமாகவே முக்கியமான நாலைந்து படங்களை ஸ்டுடியோவில் கொடுத்து அச்சடித்து மாட்டிவிடுவது இன்னும் மேல்.

கடைசியாக, ஐப்பசி பிறந்ததும் செய்ய வேண்டியது ஒன்று. இன்றைக்கு எத்தனை பேருக்குக் கணவருடைய எண் மனப்பாடம்? கணவருடைய எண், அம்மா வீடு, குழந்தையின் பள்ளிக்கூடம், டாக்டர், பக்கத்துத் தெருவில் மாடி வீட்டில் இருப்பவர் என்று ஐந்து எண்களைப் பெரிய எழுத்தில் ஒரு காகிதத்தில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பூஜை அறைக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். தண்ணீர் எட்டாத உயரத்தில்.